சாதாரண தளபாடங்களுக்குப் பூப்போட்ட கடதாசி: குறைந்த செலவில் எதில் ஒட்டலாம், எதை விட்டுவிடலாம்?

கோண்டாவிலாள்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விட்டுச் சென்ற தளபாடங்களும் நாங்கள் அங்கங்கே வாங்கியவையும் கலந்து கிடக்கின்றன. சிப்போட்டில் செய்த மூன்று லாச்சி (இழுப்பறை) உள்ள பெட்டி ஒன்று, மகனின் படிப்பு மேசை, சாம்பல் நிற இரும்பு அலுமாரி, பின்பலகை வெளிறிப்போன புத்தக றாக்கை, அடுக்கு லாச்சியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஆகியவை உள்ளன. உடைந்தவை என்று ஒன்றுமில்லை. பார்க்கத்தான் மனம் வரவில்லை. புதிதாக வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை.

பரிசுப்பொதி சுற்றும் கடதாசி நகரத்துப் புத்தகக் கடைகளில் ஒரு தாள் ஓர் இறாத்தல் பாணின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அழகான பூ வேலைப்பாடுகளும் இருக்கின்றன. இவற்றை ஒட்டினால் நம் ஊர் மாரிக்கும் கரப்பானுக்கும் தாக்குப்பிடிக்குமா, எந்தப் பசை ஏற்றது, எவற்றில் ஒட்டக்கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தச்சுப்பட்டறை:
தங்கச்சி, கடதாசியைத் தெரிவுசெய்வதற்கு முன் ஒட்டப்போகும் பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். சிப்போட் என்று நாம் சொல்வது மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை. அதன் மேல் மரவரி அச்சிட்ட மெல்லிய, மினுக்கமான தோல் ஒன்று இருக்கும். அந்தத் தோலில் எந்த நீர்ப்பசையும் பிடிக்காது; ஒட்டிய அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பிறகு ஒரு மூலையில் நகத்தை வைத்தால் முழுத் தாளும் கையோடு வந்துவிடும். ஆகவே முதலில் சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காயவிட்டு, 120 இலக்க அரத்தாளால் மினுக்கம் முழுவதும் மங்கும்வரை தேய்க்க வேண்டும். பலகையை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் தேய்படாத இடம் கண்ணாடி போல மின்னும். அங்கே மறுபடி தேய்க்கவும். அதற்கு மேல் அடிப்பூச்சு பெயின்ற் ஒரு தடவை பூசினால் போதும்.

சிப்போட்டின் உண்மையான பலவீனம் அதன் விளிம்புதான். தோல் இல்லாத வெட்டுமுகம் பசையிலுள்ள தண்ணீரைக் குடித்துப் பொருமிவிடும். பொருமியது பழையபடி திரும்பாது. எனவே முன்பக்கத்தை விட்டாலும் விளிம்புக்கு அடிப்பூச்சை விடாதீர்கள்.

இரும்பு அலுமாரியில் பெயின்ற் கழன்ற இடங்கள் இருந்தால் அங்கே நீர்ப்பசை பட்டவுடனேயே துரு தொடங்கும். சில வாரங்களில் பூவின் நடுவே மண்ணிறப் புள்ளி எட்டிப்பார்க்கும். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பெயின்ற் பூசிக் காய்ந்த பிறகே கடதாசி.

பிளாஸ்ரிக் பெட்டியை மறந்துவிடுங்கள். அந்த வகைப் பிளாஸ்ரிக் எந்தப் பசையையும் ஏற்காது. அளவாக வெட்டிய கடதாசியை லாச்சிக்குள் உள்விரிப்பாகப் போடலாம். அந்தப் பிளாஸ்ரிக் அரைகுறையாக ஒளி ஊடுருவக்கூடியது என்றால், லாச்சியின் முன்முகத்துக்கு உட்புறமாக நிறுத்தி வைத்தாலும் பூ வெளியே தெரியும். பசை தேவையே இல்லை.

ஏடுகட்டி:
பசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் புத்தகம் கட்டும் தொழிலில் இருப்பவன். கடதாசியும் பசையும் எனக்குச் சோறு போடுபவை.

மலிவானது கோதுமை மாப் பசைதான். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதி நீரைச் சேர்த்து, சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெண்மை நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை வந்ததும் இறக்கி, பழைய துணியில் வடிகட்டவும். இந்த வெக்கையில் அது அதிகம் போனால் இரண்டு நாள் இருக்கும். புளித்த மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள்.

ஆனால் மாப் பசைக்கு ஒரு குறை உண்டு. இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும். நம் தொழிலில் இதற்காகத்தான் பசையில் துருசு சேர்ப்பார்கள். துருசு நஞ்சு, ஏட்டின் மட்டைக்கு உள்ளே மறைந்திருக்கும் பசைக்கு அது சரி, பிள்ளைகள் கைவைக்கும் மேசைக்கும் சமையலறை அலுமாரித் தட்டுக்கும் கூடாது. உங்கள் வீட்டுத் தேவைக்குத் தச்சர்கள் மரம் ஒட்டப் பாவிக்கும் வெள்ளைப் பசையை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்களவு தண்ணீர் கலந்து பாவியுங்கள். பூச்சி அதில் அவ்வளவு நாட்டம் கொள்வதில்லை, பிடிப்பும் அதிகம்.

இனிக் கடதாசியின் இயல்பு. ஈரம் பட்டதும் கடதாசி விரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விரியாது. அதன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். தாளில் இருந்து உள்ளங்கையளவு துண்டை வெட்டி ஒரு பக்கத்தை நனைத்தால் அது குழாய் போலச் சுருளும்; அந்தக் குழாயின் நீளப்பாடுதான் நார் ஓடும் திசை. தாளின் பின்பக்கத்தில் பசை பூசிய உடனே ஒட்டாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அது விரிய வேண்டிய அளவுக்கு விரிந்து முடியட்டும். அவசரப்பட்டு ஒட்டினால், பலகையின் மேல் கிடந்தபடியே விரிந்து சுருக்கமாக எழும்பும். பலர் இதைப் பசையின் குற்றம் என்று நினைக்கிறார்கள்.

ஒட்டும்போது நடுவில் இருந்து வெளிப்புறமாகக் காலாவதியான வங்கி அட்டையால் தள்ளிக்கொண்டு போகவும். அட்டைக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய துணி இருக்கட்டும், இல்லையேல் அச்சு மை உரிந்துவிடும். பொட்டளவுக் குமிழிகள் காயும்போது தாமாகவே அமர்ந்துவிடும். பெரிய குமிழியை ஊசியால் குத்தி விரலால் அமர்த்துங்கள்.

வடமராட்சி வாசகி:
இவ்வளவு பாடும் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தானே ஒட்டும் பிளாஸ்ரிக் சுருள் 45 சென்ரிமீற்றர் அகலத்தில் கடைகளில் நிறைந்து கிடக்கிறது. பின்தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டுகள் முழுவதற்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன். மிளகாய்த் தூள் கொட்டினாலும், மீன் கழுவிய தண்ணீர் தெறித்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஐப்பசி பிறந்தால் தைப்பொங்கல் வரை சுவரே வியர்க்கும் ஊரில் கடதாசியை ஒட்டிவிட்டு அதைப் பாதுகாக்க வார்னிஷ் தேடி ஓடுவது மலிவான வேலையாகத் தெரியவில்லை.

தச்சுப்பட்டறை:
சமையலறைக்கு நீங்கள் செய்ததே சரி, அக்கா. அங்கே கடதாசியைப் பற்றி நினைக்கவே கூடாது. ஆனால் வெயில் நேரே விழும் யன்னலோரத்தில் அந்தச் சுருள் ஒட்டப்பட்டால் பசை இளகி, பிளாஸ்ரிக் சுருங்கி, மூட்டு விலகிவிடும். விலகிய கோட்டில் தூசு அப்பி ஒரு கறுப்புக் கரை உருவாகும். கழற்றும்போது பசை பலகையிலேயே தங்கும். தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடாக்கிக்கொண்டே மெதுவாக இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். எஞ்சியதைத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைக்கலாம். இன்னொன்று, அதன் பூக்கள் எல்லா வீட்டிலும் ஒரே பூக்கள்.

பழம்பெட்டகம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தப் பழக்கம் பரவுவதை நான் கவலையோடு பார்க்கிறேன். அண்மையில் உறவினர் வீடொன்றில், முதிரை மரத்தில் கடைந்த கால்களும் பித்தளைப் பிடிகளும் உள்ள பழைய பெட்டகத்தின் மேல் ரோசாப்பூக் கடதாசியை ஒட்டி, அதன் மேல் வார்னிஷும் பூசி வைத்திருந்தார்கள். எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி ஒரு வீட்டில் தங்கியிருந்த பொருள் அது. முதிரைக்கும் தேக்குக்கும் தேவை ஒரு துடைப்பும் ஒரு மெழுகுப் பூச்சும்தான். கடதாசி ஒட்டுவது மலிவை மறைக்கும் மலிவான வேலை என்பதே என் கருத்து. நல்ல மரத்தில் அது அநியாயம். மட்டமான பலகையில் அது வீண்.

ஸ்காபுறோத் தமிழன்:
பழம்பெட்டகம் ஐயா முதிரை மரத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பாதியை ஏற்க முடியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் நகரில் சீன, யப்பானிய அரக்குத் தளபாடங்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. அவை எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அங்கிருந்த பட்டறைக்காரர்கள் அச்சிட்ட சித்திரங்களை வெட்டி, நிறம் தீட்டி, சாதாரண மரத்தில் ஒட்டி, அதன் மேல் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசிக் கடதாசியின் விளிம்பே விரலுக்குத் தட்டாதபடி செய்தார்கள். பசானோ நகரின் ரெமொண்டினி அச்சகம் இப்படி வெட்டி ஒட்டுவதற்கென்றே சித்திரத் தாள்களை அச்சிட்டு விற்றது. ஏழைகளின் அரக்கு என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டிகளும் மேசைகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடியில் இருந்தது சாதாரண மரந்தான்; வேலை நேர்த்தியே அதை அங்கே கொண்டு சேர்த்தது.

செலவைப் பொறுத்தவரை இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி. 1712இல் அங்கே அச்சிட்ட, நிறம் தீட்டிய கடதாசிக்கு வரி விதித்தார்கள்; அது 1836இல்தான் நீக்கப்பட்டது. வரியைத் தவிர்க்க மக்கள் வெறும் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன் மேல் அச்சுத்தகடு வைத்துத் தாங்களே பூப்போட்டுக்கொண்டார்கள். இந்த வழியைக் கோண்டாவில் சகோதரியும் எண்ணிப் பார்க்கலாம். கடையில் பூப்போட்ட தாள்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

கோண்டாவிலாள்:
ஐயா, அந்தக் கடைசி யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தை மாதத்தில் பாடசாலைப் புத்தகங்களுக்கு உறை போட வாங்கிய மண்ணிறக் கடதாசி வீட்டில் மீதமிருக்கிறது. பாடசாலையில் சித்திர பாடத்துக்கு வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுப் பதிப்பார்கள் அல்லவா, அதே போல வெள்ளைப் பெயின்ற்றில் தோய்த்து மகனும் நானும் ஒரு தாளில் பதித்துப் பார்த்தோம். ஐந்து இதழ் நட்சத்திரங்களாக வரிசையாக விழுந்தது. முற்றிய வெண்டிக்காய்தான் நல்லது. பிஞ்சு கொழகொழத்துக் கோடு கலங்கிவிடுகிறது. காயை வெட்டிச் சிறிது நேரம் கடதாசித் துண்டில் கவிழ்த்து வைத்தால் அதன் பிசின் வடிந்துவிடும்.

பழம்பெட்டகம் ஐயாவுக்கு: எங்களிடம் முதிரைப் பெட்டகம் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்!

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வீட்டில் பழைய நாட்காட்டிகள் கட்டாகக் கிடக்கின்றன. தாள் தடிப்பாகவும் நிறம் பளிச்சென்றும் இருக்கிறது. அவற்றை வெட்டி ஒட்டலாமா? மற்றது, பட்டம் கட்டும் ரிசுக் கடதாசி எப்படி?

வடமராட்சி வாசகி:
நாட்காட்டியில் சாமிப் படம் இருந்தால் கத்தரிக்கோலைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். முகத்தை வெட்டி வேறாக்கி, கரையிலுள்ள பூவை மட்டும் எடுப்பது பார்ப்பவர் மனதை நோகடிக்கும். கால் மிதிபடும் முக்காலியிலோ செருப்பு றாக்கையிலோ அந்தத் தாள் வரவே கூடாது. காட்சிப் படங்களும் கோலங்களும் உள்ள நாட்காட்டிகள் என்றால் தாராளமாகப் பாவியுங்கள்.

ரிசுக் கடதாசி பற்றி எங்கள் பக்கத்தில் கேட்டால் கதை கதையாகச் சொல்வோம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடதாசியின் அழகு தெரியும். ஆனால் அதன் நிறம் நீரில் கரைந்து ஓடும். ஈரப் பசையில் சிவப்புத் தாளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்தால் இரண்டும் இளஞ்சிவப்பாகிவிடும். ஒரே நிறமாக ஒட்டினால் பிரச்சினை இல்லை. அதைவிட, விளக்குக் கூட்டின் உட்புறத்தில் அதை ஒட்டிப் பாருங்கள். சூடு குறைந்த எல்ஈடி குமிழாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஏடுகட்டி:
நிறம் ஓடுவதைப் பற்றி வாசகி அக்கா சொன்னது அச்சிட்ட தாளுக்கும் பொருந்தும். வீட்டு மைத் தாரை அச்சுப்பொறியில் எடுத்த படம் பசை பட்டதும் பெரும்பாலும் கலங்கும். லேசர் அச்சு, நிறப் போட்டோக் கொப்பி ஆகியவற்றின் தூள் மை கலங்காது. எந்தத் தாளாக இருந்தாலும் ஓர் ஓரத்தை ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. அம்மாவின் பழைய சேலைக் கரையை விரித்து வைத்து நிறக் கொப்பி எடுத்தால், வேறு யாரிடமும் இல்லாத பூக்கடதாசி கிடைக்கும். சரிகை மட்டும் கொப்பியில் மங்கிய மண்ணிறமாகவே விழும். பருத்திச் சேலையின் கட்டங்களும் கரைகளும் அருமையாக வரும்.

தச்சுப்பட்டறை:
இனி எங்கே ஒட்டுவது என்பதற்கு வருகிறேன். முழுத் தளபாடத்தையும் கடதாசியால் மூட நினைக்காதீர்கள். மூடினால் அது பெரிய பரிசுப்பொதி ஆகிவிடும். ஒரு தளபாடத்தில் ஒரு முகத்தைத் தெரிந்தெடுத்து அங்கே மட்டும் பூ வரட்டும். மற்றப் பக்கங்களுக்கு ஒரே நிறப் பெயின்ற் போதும். புத்தக றாக்கைக்குப் பின்பலகைதான் உகந்த இடம். அங்கே கை படாது, உரசல் இல்லை, புத்தகங்களின் இடையிலும் மேலும் பூ தெரியும். தாளும் மிகக் குறைவாகவே செலவாகும். பின்பலகையில் நேரே ஒட்டாமல், அளவாக வெட்டிய மெல்லிய பிளைவூட்டிலோ தடித்த மட்டையிலோ ஒட்டிச் சாத்தி வையுங்கள். வாடகை வீட்டுக்காரருக்கும் கோபம் வராது. வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் றாக்கை என்றால் சுவரிலிருந்து இரண்டு விரலளவு விலக்கி வைக்கவும். மாரியில் ஈரமும் கறையானும் வரும் வழி அதுதான்.

மூன்று லாச்சிப் பெட்டிக்கு லாச்சி முகங்கள். இங்கே பூ ஒரு லாச்சியிலிருந்து அடுத்த லாச்சிக்குத் தொடர்ந்து ஓட வேண்டும். பிடிகளைக் கழற்றி, மூன்று லாச்சிகளுக்கும் பின்னால் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டு, தாளை நிலத்தில் விரித்து அதன் மேல் லாச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக் கோடு இழுங்கள். இடைவெளிக்கு உரிய அளவையும் தாளில் விட வேண்டும், இல்லாவிட்டால் கொடி ஒடிந்து தெரியும். நேர்கோடும் கட்டமும் உள்ள தாளை இதற்குத் தெரிவுசெய்யாதீர்கள். பழைய பெட்டிகள் எதுவும் மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்பதில்லை, கோடுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிதறிய சிறு பூக்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்காபுறோத் தமிழன்:
கரும்பின்னணியையும் மறக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் மேரி டெலனி என்ற ஆங்கிலேய மூதாட்டி தம் எழுபதுகளில் தொடங்கி, நிறக் கடதாசிகளை நுணுக்கமாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிக் கிட்டத்தட்ட ஆயிரம் செடிகளின் உருவங்களைச் செய்தார். அவை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரும்பு அலுமாரிக் கதவைக் கருமையாகவோ கரும்பச்சையாகவோ பூசிவிட்டு, ஒரு தாளிலிருந்து வெட்டியெடுத்த பூக்களை அடிப்பக்கத்திலிருந்து மேலே படர்வது போல ஒட்டினால் இரண்டு மூன்று தாள்களோடு வேலை முடிந்துவிடும். மூட்டுத் தெரியும் பிரச்சினையும் இல்லை.

பழம்பெட்டகம்:
பின்பலகையைத் தனித் தட்டாகச் செய்து சாத்தும் யோசனையை நான் வரவேற்கிறேன். எடுத்துவிடக் கூடியது எதுவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓரளவு நல்ல மரத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளைப் பசை வேண்டாம், மாப் பசையே வேண்டும். மாப் பசை வெந்நீரில் ஊறிக் கழன்றுவிடும். பழஞ்சுவடிகளையும் ஓவியங்களையும் செப்பனிடுபவர்கள் கோதுமை மாப்பொருள் பசையைப் பாவிப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். வெள்ளைப் பசை காய்ந்து மரத்துக்குள் இறங்கினால் மீட்சி இல்லை.

ஏடுகட்டி:
ஐயா சொன்னது மெத்தச் சரி.

மேற்பூச்சு பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. உங்கள் பணத்தில் பெரும்பகுதி போகும் இடம் அதுதான். எண்ணெய் வார்னிஷை வெறும் கடதாசியில் நேரே பூசினால் வடை வைத்த தாள் போல ஊடுருவி, கீழேயுள்ள பலகை நிழலாகத் தெரியும். நாளடைவில் மஞ்சளும் ஏறும். ஆகவே தாள் நன்றாகக் காய்ந்த மறுநாள், நீர்த்த வெள்ளைப் பசையை மேலே ஒரு தடவை பூசிக் காயவிடுங்கள். அதன் பின் நீரில் கரையும் நிறமற்ற வார்னிஷை மெல்லியதாக மூன்று தடவை பூசுங்கள். லாச்சி முகத்துக்கும் கதவுக்கும் அது போதும். றாக்கைப் பின்பலகைக்கு வார்னிஷே தேவையில்லை, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். வெள்ளைப் பசையை மட்டுமே மேற்பூச்சாக விட்டுவிட்டால் ஈரக் கை பட்ட இடம் பால் போல வெளுக்கும், மாரியில் பிசுபிசுக்கும்.

காலத்தையும் பாருங்கள். வாடைக் காற்று வீசும் மாரியில் பசை காய மாட்டாது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பசை நன்றாகக் காயும். ஆனால் முற்றத்து மண் முழுவதும் ஈர வார்னிஷில் வந்து அமரும். சோளகத்தில் செய்வதென்றால் அறைக்குள் யன்னலைச் சாத்திவிட்டு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்யுங்கள். மாசியும் பங்குனியும் மிக வசதியான மாதங்கள்.

கோண்டாவிலாள்:
இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. லாச்சி முகங்களும் றாக்கைப் பலகையும் முடிந்துவிட்டன. வெண்டிக்காய்க் கடதாசி றாக்கைக்குப் போயிருக்கிறது. இப்போது இரண்டு கேள்விகள். நடு லாச்சி மூடும்போது இறுகுகிறது. மேசைக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மகன் அதில்தான் எழுதுகிறான், தேநீர்க் கோப்பையும் அங்கேதான் வரும்.

தச்சுப்பட்டறை:
லாச்சியின் விளிம்பில் தாளை மடித்து ஒட்டியிருப்பீர்கள். மடித்த தாளும் பசையும் வார்னிஷும் சேர்ந்தால் பழைய பெட்டியில் அந்தளவு இடைவெளி இருக்காது. மேல் விளிம்பில் மடிந்த பகுதியை முகத்தின் கோட்டோடு சவர அலகால் அறுத்து எடுத்துவிட்டு, நுண்ணிய அரத்தாளை 45 பாகை சரிவாகப் பிடித்து உள்ளிருந்து வெளியே அல்ல, முகத்திலிருந்து பின்பக்கமாக ஒரே திசையில் இழுங்கள், தாள் கிழியாது. பிறகு விளிம்புக்கு மட்டும் வார்னிஷ். லாச்சி ஓடும் பட்டையில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள்.

மேசைக்கு எதையும் ஒட்ட வேண்டாம். சூடான கோப்பை வெள்ளைப் பசையை இளக்கிவிடும். எத்தனை தடவை வார்னிஷ் பூசினாலும் எழுதும் கையின் உரசலுக்கு அது நிற்காது. தாளை வெறுமனே விரித்து, மேலே 5 மில்லிமீற்றர் கண்ணாடி போடுங்கள். கந்தோர் மேசைகளில் காலங்காலமாகச் செய்வதுதானே. கண்ணாடிக் கடையில் நான்கு விளிம்பையும் மழுக்கித் தரச் சொல்லுங்கள், நான்கு மூலைக்கும் சிறு இறப்பர்ப் பொட்டும் வாங்குங்கள். பொட்டு இல்லாவிட்டால் ஈரக் காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடி வாங்குவதுதான் உங்கள் பட்டியலில் பெரிய செலவாக இருக்கும். பழைய யன்னல் கண்ணாடி எங்காவது கிடைத்தால் அளந்து வைத்திருங்கள், வெட்டுக்கூலி மட்டும் கொடுத்தால் போதும்.

கோண்டாவிலாள்:
மெழுகுதிரி தேய்த்ததும் லாச்சி ஓடுகிறது, அண்ணா. மாமி வீட்டுப் பத்தியில் கழற்றி வைத்த கண்ணாடிக் கதவு ஒன்று நிற்கிறது; ஒரு மூலை உடைந்திருந்தாலும் மேசையின் அளவுக்கு வெட்டலாம் போலத்தான் தெரிகிறது. சனிக்கிழமை அளவுநாடாவோடு போகிறேன்.